பாவாடை ஓரத்து ஆணி

அயர்லாந்தின் கெர்ரிப் பக்கத்துக் கோப்னட், குன்றுக்குள் ஆளும் மாயக் குலத்து ராஜாவைக் கட்டிக்கொண்டவள். மற்றபடி சாதாரணப் பெண்தான். புருஷனைக் குறை சொல்லாமல் அவளுக்கும் பொழுது போகாது.

ஒருமுறை கோப்னட் தன் அக்கா மோரினைப் பார்க்க அவள் வீட்டுக்கு வந்தாள். உருளைக்கிழங்கை உரித்தபடி அக்கா, "அழகாத்தான் இருக்கான், ஆனா மனுஷனாடி அவன்?" என்றாள்.

"அத்தான் மட்டும் என்னவாம்?" என்று கோப்னட் சிரித்தாள்.

திரும்பிப் போனபோது குன்று திறக்கவில்லை. "பொண்டாட்டிய வாசல்ல நிக்க வைக்கிறியே, நீயெல்லாம் ஒரு ராஜாவா? இனி உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்!" என்று கத்திவிட்டு அக்கா வீட்டுக்கே திரும்பி வந்தவள், வீம்பாகச் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

தலை நரைத்த பிறகு, அன்று உடுத்தியிருந்த பழைய பாவாடையைப் பிரித்தபோது ஓரத் தையலிலிருந்து லாட ஆணி ஒன்று விழுந்தது. இரும்பு இருக்கும் இடத்தில் அந்தக் குலத்தாருக்குக் கதவும் திறக்காது, குரலும் கேட்காது.

"உன் காவலுக்குன்னுதாண்டி வெச்சுத் தைச்சேன்," என்று மோரின் விசும்பினாள்.

கோப்னட் குன்றுக்கு ஓடினாள். கதவு உடனே திறந்தது. நரையே அறியாத குலத்து ராஜா, அதே இளமையோடு வாசலில் நின்று எட்டிப் பார்த்தான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா," என்றான். "என் பொண்டாட்டி அக்கா வீட்டுலேருந்து வர்ற நேரம்."

கோப்னட் தள்ளி நின்றாள்.