திடலுக்குப் போன வெள்ளைக் கோட்டு

பினாங்கு ஆற்றங்கரையில் வெள்ளாவிப் புகைக்கு நடுவே இருந்தது சலவைத் தொழிலாளி பக்கிரிசாமியின் குடிசை. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த புது மனைவி மீனாட்சிக்கு அந்த வாரம் முழுவதும் வீட்டுக் குறிகளைச் சொல்லிக்கொடுத்தான். யார் துணி என்று தெரிய, கழுத்துப்பட்டையின் உட்புறம் சேங்கொட்டை மையால் குறியிடுவது வழக்கம். இரண்டு கோடும் ஒரு புள்ளியும் இருந்தால் துரை ஆபீஸ் குமாஸ்தா கார்த்திகேசு கிராணி வீடு.

"குறியெல்லாம் பாடமாயிருச்சு. ஊரைக் காட்டுறேன்னீங்களே, அது எப்போ?" என்று சிணுங்கினாள் அவள்.

அவனிடம் நல்ல சட்டை ஒன்றுகூட இல்லை. கொடியில் கிராணியின் வெள்ளைக் கோட்டு, இஸ்திரி போட்டுப் பளபளவென்று தொங்கியது. வெள்ளிக்கிழமை கேட்டு வந்தவரிடம், "மழையில காயலைங்க, திங்கக்கிழமை கொண்டாறேன்" என்று சொல்லியிருந்தான். துரை ஆபீஸ் கிராணிக்கு ஒரு கோட்டுதானா இருக்கும்!

சனிக்கிழமை மாலை அந்தக் கோட்டைத் தன்னுடையது என்று சொல்லி மாட்டிக்கொண்டு, அவளோடு ஆள் இழுக்கும் லாஞ்சா வண்டியில் ஏறினான். சூலியாத் தெரு, மசூதி, மணிக்கூண்டு எல்லாம் காட்டினான். மீனாட்சி ஊரைப் பார்த்ததைவிடப் புருஷனைப் பார்த்ததுதான் அதிகம். பாவம், அவள் கண்ணில் அன்று அவன் ராஜா!

கடற்கரைத் திடலில் கூட்டம். சீமைக்குத் திரும்பும் துரையை நடுவில் உட்காரவைத்துக் கிராணிகள் படம் எடுக்க நின்றார்கள். மரத்தடியில் ஒருவர் மட்டும் ஒதுங்கி நின்றார். முழங்கையில் ஒட்டுப் போட்ட, சாயம் போன பழைய கோட்டு.

"அங்க பாருங்க! துணி வெளுக்கிறவரு நீங்க எம்புட்டு எடுப்பா இருக்கீங்க, அந்த ஐயா கந்தலோட நிக்கிறாரே!" என்று வாய்விட்டுச் சிரித்தாள் மீனாட்சி.

அவர் திரும்பினார். கார்த்திகேசு!

"கார்த்திகேசு, ஓடி வாரும்! படம் எடுக்கப் போறாங்கள்!" என்று கூவினார் ஒருவர்.

"நீங்கள் எடுங்கோ. இந்தக் கோலத்தோட நான் துரைக்குப் பக்கத்தில எப்பிடி நிக்கிறது?"

கழற்றிக் கொடுத்துவிடு என்று பக்கிரிசாமியின் நெஞ்சு அடித்துக்கொண்டது. கை பொத்தான்வரை போனது. உள்ளே கிழிந்த பனியன். பக்கத்தில் பெருமை பொங்கும் மனைவி. கை அங்கேயே நின்றுவிட்டது. படமும் எடுத்து முடிந்துவிட்டது.

கிராணி மெல்ல அருகே வந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பானே!

"மேல் பொத்தான் இளகியிருக்கு. என்ர மனுசி தைச்சது, கவனம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மீனாட்சியின் சிரிப்பு உதட்டிலேயே செத்தது. கணவனின் கழுத்துப்பட்டையைப் புரட்டினாள். இரண்டு கோடு, ஒரு புள்ளி.

"அவரு கோட்டை நீங்க போட்டுக்கிட்டு, அவரையே பாத்து என்னைச் சிரிக்க வச்சீங்களா?"

பக்கிரிசாமி அவள் புரட்டிய பட்டையை மடித்து மூடப் பார்த்தான்.

"கழட்டுங்க."

"இங்கயா, புள்ளே? எல்லாரும் பாக்குறாங்க..."

"பாக்கட்டும்."

கழற்றினான். அவள் அதை மடித்து மார்போடு அணைத்துக்கொண்டு, "ஐயா! ஐயா!" என்று கூப்பிட்டபடி ஓடினாள். கிராணியின் காலடியில் கண்ணீரோடு அவள் குனிந்ததைக் கிழிந்த பனியனோடு நின்று பார்த்தான் பக்கிரிசாமி. திடலே தன்னைப் பார்ப்பதுபோல் இருந்தது.

லாஞ்சாவில் ஏற அவள் மறுத்துவிட்டாள். விளக்கேற்றிய கடைத்தெருக்கள் வழியே முன்னால் நடந்தாள். ஆற்றங்கரை வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தப் படம் பிறகு ஆபீஸ் சுவரில் தொங்கியது. சலவை மூட்டையோடு அங்கே போகும் நாட்களிலெல்லாம் பக்கிரிசாமி தலையைக் குனிந்துகொண்டே உள்ளே போவான். நிமிர்ந்தால், அதில் இல்லாத முகம்தான் முதலில் கண்ணில் படும்.