ஓரம் தூக்கிய பேப்பர் டேப்

செகந்திராபாத் பக்கம் நாச்சாரத்தில் நான் பார்த்துக்கொண்ட பேக்கிங் பிரிவில் பிளாஸ்டிக் டேப்புக்கு இடமில்லை. மருந்துப் பெட்டிகள் வெளிநாடு போகின்றன, பேப்பர் டேப்தான் வேண்டும் என்பது வாங்குபவர்களின் நிபந்தனை. ஒரு பக்கம் மாவுப்பசை பூசிய பழுப்புக் காகிதம் அது. காய்ந்திருக்கும்போது ஒன்றுக்கும் உதவாது, தண்ணீர் பட்டால்தான் பிடிக்கும். ஈரப் பிரஷின் மேல் இழுத்து, பெட்டியில் வைத்துக் கையால் அழுத்த வேண்டும். தண்ணீர் குறைந்தால் உரிந்து வரும், கூடினால் பசை கழுவிப் போய்விடும். சரியாக ஒட்டியிருந்தால், பிய்க்கும்போது அட்டையும் சேர்ந்து கிழியும். தினமும் காலையில் ஒரு பெட்டியை நடுவில் பிய்த்துப் பார்ப்பது என் வேலை. பிய்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

ஒட்டுவதில் கெட்டிக்காரர் ஒரு அம்மா. பல தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். ஆறு வருடமாக ஒப்பந்தத்தில் இருந்தார். நிரந்தரமாக்கும் பட்டியலில் அந்த வருடமாவது பெயர் வரும் என்று காத்திருந்தார். அதற்கு என் சிபாரிசு வேண்டும்.

ஏப்ரலில் பேக்கிங் ஷெட்டின் தகரக் கூரை கொதித்தது. சைனிக்புரியில் எங்கள் வீட்டுக்கு ஏசி வந்துவிட்டதால் தண்ணீர் ஊற்றி ஓட்டும் பழைய கூலர் சும்மா கிடந்தது. அதை டிராலி ஆட்டோவில் ஏற்றி வந்து ஷெட்டில் வைத்தேன். அங்கே வேலை செய்யும் பெண்கள் எல்லோருக்கும் சந்தோஷம். தினமும் அந்தப் பக்கம் போய், காற்று வருகிறதா என்று கேட்பேன். எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை என்பதே உண்மை.

மூன்றாவது வாரம் குடோனிலிருந்து பெட்டிகள் திரும்பி வந்தன. அடிப்பக்கம் டேப்பின் ஓரம் தூக்கி, வாய் பிளந்திருந்தன. தண்ணீர் போதவில்லை, அந்த அம்மாவின் கை சலித்துவிட்டது என்று நானே முடிவுகட்டினேன். கவனக்குறைவு என்று அலுவலகத்துக்கு மெயில் அனுப்பிவிட்டு, அவரை லேபிள் வேலைக்கு மாற்றினேன். அவர் பிரஷைக் கழுவி வைத்துவிட்டு லேபிள் மேசைக்குப் போனார்.

இரண்டு நாள் கழித்து, வேறொருவர் ஒட்டிய பெட்டியை ஓரத்திலிருந்து பிய்த்தேன். அதிலும் ஓரம் தூக்கியிருந்தது. லேபிள் மேசைக்குப் போய் அந்த அம்மாவிடம் பெட்டியைக் காட்டினேன்.

"நடுவுல அட்டை கிழியுது, ஓரம் மட்டும்தான் வருது சார். தண்ணி கம்மின்னா முழுசா உரியும்ல? கூலர் காத்து நேரா ரோல் மேல அடிக்குது. ஈரத்துல ஓரமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குது. இழுத்தா பசை போயிருது."

ஏன் முன்பே சொல்லவில்லை என்றேன்.

"நீங்க வீட்லருந்து கொண்டு வந்தது. தினம் வந்து காத்து வருதான்னு வேற கேக்குறீங்க. நக்கோ, வேணாம்னு எப்படிச் சொல்றது?"

சாயங்காலம் கிளம்பும்முன் ரோல்களைப் பாலிதீன் பையில் சுற்றிவைத்துப் பார்த்திருக்கிறார். பகலில் கூலர் ஓடும்போது அவை அலமாரியில் திறந்துதானே கிடக்கும்?

அன்றே இரண்டாவது மெயில் அனுப்பினேன். ரோல் வைத்த இடத்தில் ஈரம் இருந்தது, ஒட்டியவர்மேல் தவறில்லை என்று எழுதினேன். ஈரம் எங்கிருந்து வந்தது என்று எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், மனம் வரவில்லை. காரணம் தெளிவாக இல்லை, அவரை நிரந்தரமாக்குவதை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று பதில் வந்தது. பட்டியலில் அவர் பெயர் இல்லை.

எந்த மூலைக்குத் திருப்பினாலும் ஈரம் ஷெட்டுக்குள்தான் சுற்றும் என்பதால் கூலரை வீட்டுக்கே அனுப்பினேன். மறுநாள் வியர்வையைத் துடைத்தபடி பெண்கள், கூலர் எங்கே சார் என்று கேட்டார்கள். டேப் மேசைக்குத் திரும்பியிருந்த அந்த அம்மா, பிரஷிலிருந்து கண்ணை எடுக்காமல், தெலுங்கில் அவர்களுக்குப் பதில் சொன்னார். மோட்டார் போய்விட்டதாம், பாவம், சார் என்ன செய்வார் என்று.

மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை. நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.