காலையில் மட்டும் மஞ்சள்

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். கடையில் சரக்குச் சீட்டு எழுதியதைத் தவிர வேறெதுவும் எழுதியதில்லை. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவன் எழுத உட்கார்ந்ததே அதிகப்படிதான், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீன்தொட்டியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அதில் நான் செய்ததை இதுவரை வாயால் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். சாலைக் கடைத்தெருவில் பெயிண்டும் சுண்ணாம்பும் ஆணியும் விற்கும் கடையில் எனக்கு வேலை. ஆரியசாலையில் வாடகை வீடு. எங்களுக்குக் குழந்தை இல்லை. என் மனைவி முன்னறையில் ஒரு தொட்டி வைத்திருந்தாள். பொம்மையும் கலர்க் கல்லும் கிடையாது, முழுக்கச் செடி, நடுவே ஒரு ஏஞ்சல் மீன் ஜோடி. செடி வளரக் கரியமில வாயு வேண்டுமென்று வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரர் சொல்ல, அவளே ஒரு பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீரும் ஆப்பமாவுக்குப் போடும் ஈஸ்ட்டும் கலந்து, மூடியில் துளை போட்டு, குளுக்கோஸ் ஏற்றும் குழாயைத் தொட்டிக்குள் விட்டிருந்தாள். பாட்டில் புளிக்கப் புளிக்கத் தொட்டியில் குமிழ் வரும்.

அந்த வாயு கரைந்தால் தண்ணீரில் புளிப்பு ஏறும். அதைப் பார்க்க ஒரு சொட்டு மருந்து உண்டு. சின்னக் குப்பியில் தண்ணீர் எடுத்து மூன்று சொட்டு விட வேண்டும். மஞ்சள் வந்தால் புளிப்பு, நீலம் வந்தால் காரம் என்று கூடவே வரும் கலர் அட்டை சொல்லும். "பச்சைதான் நமக்கு" என்பாள்.

கர்ப்பப்பையை எடுக்க அவள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது சொல்லிவிட்டுப் போனாள்.

"சாயங்காலம் சொட்டு விட்டுப் பாருங்க. வேற ஒண்ணும் செய்யாண்டாம், கேட்டீயளா?"

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் பார்க்க விடும் நேரம். கடையிலிருந்து நேரே அங்கே போய்விடுவேன். காலையில் தீனி போட்டதோடு சரி. குப்பியைத் தொடவே இல்லை.

ஆறாம் நாள் காலை, அகலமான ஓர் இலையில் குண்டூசித் தலை அளவில் முட்டைகள். ஏஞ்சல் மீன் ஜோடி மாறி மாறி அருகில் நின்று செட்டையால் விசிறிக்கொண்டிருந்தது. தொட்டி வைத்த மூன்று வருஷத்தில் முதல் தடவை. அன்று சாயங்காலம் அவளிடம் சொன்னேன். ஆபரேஷனுக்குப் பிறகு சுவரைப் பார்த்தே படுத்திருந்தவள் திரும்பினாள்.

"எத்தன? எண்ணுனீயளா?"

"எண்ணல."

"கடையில ஆணியெல்லாம் எண்ணுவிய, இத எண்ண மாட்டியளா? நாளைக்கழிச்சு நான் வருவேன். நான் எண்ணிக்கிடுதேன்."

மறுநாள் காலை, அவள் வருமுன் எல்லாம் சரியாக இருக்க வேண்டுமே என்று முதன்முதலாகக் குப்பியை எடுத்தேன். மஞ்சள். திரும்பவும் விட்டேன். மஞ்சள்.

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் கிணற்றில் போடச் சுண்ணாம்பு வாங்குவார்கள். இந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் புளிப்பு, சுண்ணாம்பு போட்டால் சரியாகும். எத்தனை பேருக்கு நானே அளவு சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வீட்டில் இருந்த சுண்ணாம்பில் ஒரு கரண்டி கரைத்துத் தொட்டியில் ஊற்றினேன். மஞ்சள் போகவில்லை. இன்னொரு கரண்டி, அடியில் தங்கியதையும் சேர்த்து ஊற்றினேன். தண்ணீர் லேசாகப் பால் நிறம் ஆயிற்று. குப்பியில் பச்சை வந்தது. சந்தோஷமாகக் கடை திறக்கப் போனேன்.

மத்தியானம் சாப்பிட வந்தபோது இரண்டு மீனும் கல் மேல் சாய்ந்து கிடந்தன. இலையில் முட்டையெல்லாம் வெள்ளையாக இருந்தது. திரும்பச் சொட்டு விட்டுப் பார்த்தேன், கரு நீலம். அடியில் தங்கிய சுண்ணாம்பு நான் போன பிறகும் கரைந்துகொண்டே இருந்திருக்கிறது.

சாப்பிடாமல் அந்த மீன் கடைக்குப் போய், மஞ்சளைக் கண்டு சுண்ணாம்பு போட்டதைச் சொன்னேன். அவர் மலையாளி, எங்களிடம் தமிழ் கலந்து பேசுவார்.

"வெளுப்பினு எந்திச்சுப் பாத்தா மஞ்சள்தான் அண்ணாச்சி காட்டும். ராத்திரி செடி கேஸ் குடிக்காது, பாட்டில் மட்டும் விட்டுக்கிட்டே கிடக்கும். வெயில் வந்தா செடி குடிச்சிரும். வைகுன்னேரம் தானே பச்சையாகும். அதுக்குத்தான் சேச்சிகிட்ட சாயங்காலம் பாக்கச் சொன்னது."

அவர் கையிலிருந்த வலையை ஓரமாக வைத்தார்.

"மீனு எங்ஙன இருந்து? மேல வந்து வாயப் பொளந்துச்சா?"

"இல்ல. முட்டைக்கு விசிறிக்கிட்டு இருந்துச்சு."

"பின்ன எதினு அண்ணாச்சி சுண்ணாம்பு போட்டது?"

காலையில் நான் குப்பியைப் பார்த்தேன், அட்டையைப் பார்த்தேன். மீனைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

"இன்னிக்காவது எண்ணுனீயளா?"

"எண்ண முடியல."

"அவ்வளவு இருக்கா!" என்று சிரித்தாள். தையல் இழுத்திருக்க வேண்டும், வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பக்கத்துக் கட்டிலில் இருந்த மலையாள அம்மாவிடம் திரும்பி, "எங்களுடெ மீன் முட்டையிட்டு, சேச்சி" என்றாள். அந்த அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு டிஸ்சார்ஜ் ஆனது. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். அவள் சுவரைப் பிடித்தபடி தொட்டி முன்னால் நின்று, மீன் இல்லாத தண்ணீரையும் இலையில் வெளுத்துக் கிடந்த முட்டைகளையும் பார்த்தாள். பிறகு, ஈஸ்ட் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைக்கச் சொன்னாள். கழுவி வைத்தேன்.