நேர்ப்பேச்சு கேட்கப் போனது

திண்டுக்கல் வெங்காய மண்டிக்கு மூட்டை தூக்கப் போனபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. பத்து வருஷத்துக்குள் அதே மண்டியில் சொந்தத் தராசு மாட்டினேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு போயிற்று. ஆனால் மூட்டைக்குள் கையை விட்டேன் என்றால் அடிவரைக்கும் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். அதைவிடப் பெரிய சாமர்த்தியம், இருப்பதைச் சொல்லாமல் இருப்பது. அழுகல் என்ற வார்த்தை என் கடையில் எவர் வாயிலும் வராது. 'செத்த தண்ணி பட்டிருக்கு' என்போம். பொடிச் சரக்கு வந்தால் 'வீட்டுச் செலவுக்கு அருமையா ஆகும்' என்போம். வேண்டவே வேண்டாம் என்றால், 'இந்த வாரம் லாரி போகலை, அடுத்த வாரம் பாப்போம்.' சரக்கு கொண்டுவந்த சம்சாரி முகம் வாடாமல் ஊர் திரும்புவான். அடுத்த வெள்ளாமையையும் என் கடைக்கே கொண்டுவருவான். கடை வளர்ந்தது அப்படித்தான்.

என் மனைவி சேவுகம்பட்டிப் பக்கம். எட்டாவது வரை படித்தவள். அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பையன் ஒருத்தன் காய்ச்சலில் தவறிப்போனான். நடக்கப் பழகிய வயது. அதற்குப் பிறகு அவள் ஒரு நாவல் எழுதினாள். மண்டி அடங்கிய மத்தியானங்களில் எனக்குச் சோறு போட்டுவிட்டு வாசித்துக் காட்டுவாள். கதையில் ஒரு தாய், ஒரு பிள்ளை, அதே காய்ச்சல். ஆனால் கதையில் பிள்ளை பிழைத்துக்கொள்கிறான், கடைசியில் பள்ளிக்கூடம் போகிறான். அந்த இடம் வரும்போது நான் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவளும் வாசிப்பதை நிறுத்திவிடுவாள் என்று தெரியும்.

புத்தகமாகப் போடலாம் என்று சொன்னவன் நான்தான். சரக்கு கொள்முதலுக்கு மதுரை போனபோது, கோயில் பக்கத்து வீதியிலிருந்த ஒரு பதிப்பாளரிடம் அவள் எழுதின காகிதக் கட்டைக் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த மாதம் போய்க் கேட்டேன். மனுஷர் காப்பி வரவழைத்தார்.

"நடை சரளமா இருக்கு. உணர்ச்சி நிறைய இருக்கு. கையெழுத்து முத்து முத்தா இருக்கு. முடிவை மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம். இப்ப கைவசம் வேலை அதிகம். பின்னால பார்ப்போம்."

காப்பி தொண்டைக்குள் இறங்குவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. இது என் பாஷை. நான் பேசிப் பேசிக் கடை கட்டின பாஷை. கையெழுத்தைப் புகழ்ந்தால் வீட்டுச் செலவுக்கு ஆகும் என்று அர்த்தம். பின்னால பார்ப்போம் என்றால் லாரி போகவில்லை.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். அவள் முகம் தெளிந்தது. "முடிவைத்தான யோசிக்கச் சொல்லிருக்காரு. யோசிச்சாப் போச்சு."

"அது வேண்டாம்னு சொல்ற பேச்சு. எனக்குத் தெரியாதா?"

"தெரியட்டும். அவரு அம்புட்டுத் தூரம் படிச்சிருக்காருல்ல, அது போதும்."

மறுநாள் மசிப்புட்டி வாங்கிவரச் சொன்னாள். கடைசி அத்தியாயத்தைத் திரும்ப எழுத உட்கார்ந்தாள். பிள்ளை போனதிலிருந்து பூவைத் தொடாதவள், தெருவில் வந்த மல்லிகைக்காரியை அந்த வாரம் கூப்பிட்டு நிறுத்தினாள்.

எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. ஊருக்கெல்லாம் நான் விற்கிற பேச்சை ஒருத்தன் என் வீட்டுக்கே விற்றுவிட்டானே என்று இருந்தது. அவள் எழுதினது போதும் என்று கட்டைத் திரும்ப வாங்க அவளையும் கூட்டிக்கொண்டு ரயிலேறினேன்.

பதிப்பாளர் அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். மறுபடியும் நடை சரளம், நல்ல முயற்சி என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே விழுந்தேன்.

"அய்யா, நான் மண்டிக்காரன். இந்தப் பேச்சைத் தெனமும் சம்சாரிககிட்டப் பேசுறவன். எனக்கே விக்கிறீகளே. சரக்கு ஆகுமா, ஆகாதா?"

அவர் சிரித்தார். "அப்படியெல்லாம் இல்லைங்க. தொடர்ந்து எழுதட்டும்."

"ரேட்டைச் சொல்லுங்க."

அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "விடுங்க, போவோம்."

நான் விடவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"சரி, சொல்லிடறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வர்ற வரைக்கும் நிஜம்மா இருக்கு. அதுக்கப்புறம் பொய். அந்தக் காய்ச்சல்ல அந்தப் பிள்ளை பிழைச்சிருக்காதும்மா. படிக்கிறவங்க நம்ப மாட்டாங்க. எழுதின உங்களுக்கே அதுல நம்பிக்கை இல்லை."

எங்கள் சங்கதி அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த மனுஷர் வாயைத் திறந்திருக்கவே மாட்டார். அவள் "சரிங்கய்யா" என்றாள். கட்டை வாங்கி மடியில் வைத்துத் துணியை நிதானமாக முடிச்சுப் போட்டாள்.

கொடைரோட்டில் வண்டி நின்றபோது கொய்யாப்பழம் வாங்கிக் கொடுத்தேன். திண்டுக்கல் வரைக்கும் கையிலேயே வைத்திருந்தாள்.

மண்டியில் நான் இதைப் பெருமையாகத்தான் சொன்னேன். நாசூக்காகவே பேசிப் பழகிய ஒருத்தரை நேராகப் பேச வைப்பது லேசான காரியமா? எதிர்க்கடைக்காரன் கேட்டான்: "மதுரைக்காரரு வாயத் தெறக்க வச்சுட்டீக, சரி மாமா. பொஸ்தகம் எப்ப வருது?"

"வரும்லே, ஒன் சோலியப் பாரு" என்றேன்.

வரவில்லை. கட்டு பரணுக்குப் போயிற்று, மசி புட்டியிலேயே காய்ந்தது. அவர் சொன்னதில் தப்பில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். பிள்ளை பிழைக்கிற இடத்தில் அவள் குரல் தடுமாறுவதை நானே கேட்டிருக்கிறேன். ஆனால் திரும்ப எழுதி முடித்திருந்தால் என்ன எழுதியிருப்பாள் என்பது எனக்குத் தெரியாது. அதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

அந்த ஐப்பசியில் அடைமழை. வடமதுரைச் சம்சாரி ஒருவர் வண்டி நிறைய வெங்காயம் கொண்டுவந்தார். கூட்டத்தில் நான் சாப்பிட வீட்டுக்குப் போகாததால், அவளே தூக்குவாளியோடு கடைக்கு வந்து நின்றாள். மூட்டைக்குள் கையை விட்டேன். மணிக்கட்டு வரை கொழகொழவென்று ஏறிற்று.

"என்னப்பு, ஆகுமா?" என்றார் அவர்.

"செத்த தண்ணி பட்டிருக்கு, அண்ணாச்சி. காய வச்சு எடுத்துட்டு வாங்க. அடுத்த வாரம் பாப்போம்."

"அதுக்கென்ன, காய வச்சுட்டு வாரேன்" என்று மாட்டைத் திருப்பினார்.

வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செம்பில் தண்ணீர் மொண்டு என் கையில் ஊற்றினாள்.

"அவருகிட்ட மட்டும் எம்புட்டுப் பதமாச் சொல்றீக" என்றாள்.

வாளியைத் திறந்து சோற்றையும் வெஞ்சனத்தையும் எடுத்து வைத்தாள்.