சேற்றில் காந்தம் விட்ட வெள்ளிக்கிழமை

அந்த வாரம் புதன்கிழமை சாயத் தொட்டியருகே இருந்தவர்கள்: முதலாளி பாய், கறுப்புத் தூள் கொண்டுவந்த கல்லூரி மேடம், தோலுக்குப் பழுப்புச் சாயமேற்றும் டிரம்மை ஓட்டும் தேவராஜ், நான். தோல் ஷெட்டில் கழிவுநீரைத் தெளியவைப்பது என் வேலை. தெளிந்தால் யாரும் பார்ப்பதில்லை, கலங்கினால் ஆம்பூரே எட்டிப் பார்க்கும். இதே தொழிலில் அவதிப்படும் உங்களுக்கு இது புதிதல்ல. சனிக்கிழமைக்குள் சாயத் தண்ணீரைத் தெளியவைக்க வழி பிறக்காவிட்டால் அந்தப் பிரவுன் டிரம்மை நிறுத்துவதாகப் பாய் சொல்லியிருந்தார். அது நின்றால் தேவராஜுக்கு வேலையில்லை.

எங்கே போச்சு?

பிளாஸ்டிக் பீப்பாயில் சாயத் தண்ணீரை நிரப்பி, ஐந்து கிலோ தூளையும் கொட்டிக் கலக்கினேன். சாயம் தூளில் ஒட்டும், தூள் காந்தத்தில் ஒட்டும் என்றார் மேடம். பீப்பாய்க்கு வெளியே பெரிய காந்தத்தை வைத்ததும் தூள் அந்தப் பக்கமாகப் போய் அப்பிக்கொண்டது. தண்ணீர் வழியே பீப்பாயின் அடி தெரிந்தது. தேவராஜ் குனிந்து பார்த்தான்.

"இன்னாண்ணே, காலையிலேர்ந்து நான் போட்ட சாயமெல்லாம் எங்க போச்சு?"

பாயின் தேக்சா

ஒருமுறை போட்ட தூள் குப்பைதானே என்றார் பாய். காஸ்டிக் சோடாத் தண்ணீரில் தூளை அலசினேன். சாயம் ஒரு வாளியளவு தண்ணீரில் இறங்கிவிட்டது. அதே தூளை மறுபடி போட்டோம். அப்போதும் அடி தெரிந்தது. பாய் எட்டிப் பார்த்தார்.

"நம்ம பிரியாணி தேக்சா மாதிரின்னு சொல்லு. எத்தினி கல்யாணம் ஆனாலும் கழுவி அடுப்புல ஏத்தலாம்."

வியாழக்கிழமை வழக்கம்

வெள்ளி எங்களுக்கு லீவு. அதனால் வியாழன் மாலை தொட்டி, பீப்பாய் எல்லாவற்றின் அடியையும் மண்வெட்டியால் வழித்து, கழிவுச் சேறு காயும் பாத்தியில் கொட்டிவிடுவோம். அலசி வைத்திருந்த தூளையும் தேவராஜ் பழக்கத்தில் சேர்த்துக் கொட்டிவிட்டான். சனிக்கிழமை எல்லோருக்கும் மறுபடி செய்து காட்ட வேண்டும்; கல்லூரியிலோ வேறு தூள் இல்லை.

வெள்ளி காலை இருவரும் வந்தோம். அவன் சேற்றை வாளி வாளியாகக் கரைத்தான். நான் மூங்கிலில் கட்டிய காந்தத்தை விட்டுத் துழாவினேன். முதலில் இரண்டு ஆணி வந்தன. பிறகு கரடி மயிர்போலத் தூள் மொய்த்துக்கொண்டு வந்தது. தேவராஜ் அப்போதுதான் டீ வேண்டும் என்றான். அலசிக் காயவைத்து நிறுத்தேன்: நாலு கிலோ எண்ணூற்று அறுபது கிராம்.

சனிக்கிழமை எல்லோர் முன்னும் அதே தூளைப் போட்டோம். தண்ணீர் தெளிந்தது. சேற்றுக் கதையை மேடத்திடம் நானே கூச்சத்தோடு சொன்னேன். சேற்றிலிருந்தே மீட்டதை எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார். பாய் தேவராஜைத் தோளில் தட்டினார்.

"டிரம்ம ஓட்டு, போ. வழிக்கிற மண்வெட்டிய மட்டும் உங்கண்ணன்கிட்ட குடுத்துட்டுப் போ."

சாயத்தைப் பிடிக்கக் கற்றுக்கொண்ட எங்களுக்கு இன்னும் பிடிபடாமல் அந்தப் பாத்தியில் கிடப்பது நூற்று நாற்பது கிராம் தூள்.