வெயிலுகந்தாளுக்கு மேலே போன பந்து

பொன்னுத்தாயி செப்புக்குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை குடத்தில் இருந்தது. கண் பொட்டலில் இருந்தது. அங்கே இளவட்டங்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். பந்து மேற்கே வந்தால் அவள் கை நிற்கும், உட்கார்ந்த இடத்தை விட்டு உடம்பு எழும்பும். பந்து கிழக்கே திரும்பினால் மறுபடி தேய்ப்பாள். எதிரே நான் மருந்தும் துணியுமாக, அவள் காலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

"காலை நீட்டு."

"செத்த பொறுங்க நர்ஸம்மா. பந்து சின்னச்சாமிகிட்ட வந்துருக்கு. அவன் உதைச்சா கோலுக்குப் போகாது, மேலோகத்துக்குத்தான் போகும்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் பந்து எழும்பியது. மூங்கில் கோலைத் தாண்டி, எங்கள் தலையைத் தாண்டி, வெயிலுகந்தாள் அம்மனின் தலைக்கு மேலாகப் போய்க் கருவேலம் புதரில் விழுந்தது. பொன்னுத்தாயி பாதி தேய்த்த குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊருணியைப் பார்த்து ஓடினாள். இடது கால் தரையில் படும்போதெல்லாம் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. பொட்டலில் ஆட்டம் நின்றது. அவள் தண்ணீர் கொண்டுவந்து அம்மன் தலையில் ஊற்றும்வரை யாரும் பந்தைத் தொடக்கூடாது என்பது ஊர்க் கட்டு.

காரைக்குடியிலிருந்து அமராவதிபுதூர் போகிற பாதையில் இருந்தது அந்தப் பொட்டல். வருஷத்தில் ஒரு நாள் மஞ்சுவிரட்டு, மற்ற நாளெல்லாம் வெறும் மண். மேற்கு ஓரத்தில் அம்மன், கிழக்கே பார்த்து உட்கார்ந்திருப்பாள். சுவர் உண்டு, கூரை கிடையாது. வெயிலுகந்தாள் என்ற பேருக்கு ஏற்றபடி அவளுக்கு மேலே ஓலை, ஓடு, மரக்கிளை எதுவும் வரக்கூடாது. ஒருமுறை யாரோ பணக்காரர் மண்டபம் கட்டித் தருகிறேன் என்றபோது, அவரைப் பக்கத்து ஊரில் போய்க் கட்டச் சொல்லிவிட்டார்கள்.

அம்மனுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை ஒரே வீட்டுப் பெண்களுக்கு உரியது. பொன்னுத்தாயி அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். மாமியார் போனார், பிறகு புருஷனும் வாந்திபேதியில் போனான். மகளைப் பிள்ளையார்பட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டாள். மிஞ்சியது அவளும் குடமும், அந்த வேலைக்காக ஊர் விட்டிருந்த ஒரு துண்டுக் கொல்லையும். அவள் குடம் எடுக்கவில்லை என்றால் கொல்லை கொழுந்தன் வீட்டுக்குப் போய்விடும். அதனால்தான் நடக்க முடியாத நாளிலும் நடந்தாள். நாற்பதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வாய் மட்டும் இருபதில் நின்றுவிட்டது.

பறவை பறந்தால் அவள் ஊற்றமாட்டாள். பறக்கிறதெல்லாம் அம்மன் பிள்ளைகள். மனிதன் எறிந்ததோ உதைத்ததோ மேலே போனால் ஒரு குடம். முன்பு அது எப்போதாவது நடக்கும். தேனம்மை ஆச்சியின் மகன் அழகு, திருச்சியில் படித்துவிட்டுக் கால்பந்தோடு ஊருக்கு வந்த பிறகு தினமும் நடந்தது. அதுவும் மாட்டுத்தோல் பந்து.

அவள் கணுக்காலின் உள்பக்கம் ஒரு புண். நரம்பு புடைத்த காலில் வருகிற புண், ஆறுவதற்கு நாளாகும். இதற்கு மருந்து பாதி, ஓய்வு பாதி. பெர்மாங்கனேட் கலந்த ஊதாத் தண்ணீரில் கழுவுவேன், போரிக் பொடி போட்டுக் கட்டுவேன், காலை உயரத் தூக்கி வைத்துப் படு என்பேன். மறுநாள் போனால் கட்டு நனைந்து, மண் ஏறி, விரலில் தொங்கும். டாக்டரிடமும் ஒருமுறை கூட்டிப்போனேன். எலும்பு வரை போய்விட்டால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று அவர் சொன்னார். அதை அவளிடம் அப்படியே சொன்னேன். மூடி மறைப்பது எனக்குப் பழக்கமில்லை.

"காலைத் தூக்கி வச்சுட்டா குடத்தை யாரு தூக்குறது? நீங்க வாரீகளா?"

"நான் ஊற்றினால் உன் அம்மன் ஏற்றுக்கொள்வாளா?"

"மாட்டா."

"அப்படியென்றால் பந்தை நிறுத்த வேண்டும்."

தேனம்மை ஆச்சியிடம் போனேன். பொட்டல் அவர்கள் வாங்கிப்போட்ட இடம். ஆச்சி நான் சொன்னதைக் கேட்டுவிட்டு மகனையும் அழைத்துக்கொண்டு அன்று சாயங்காலமே பொட்டலுக்கு வந்தார். ஆட்டக்காரர்கள் சுற்றி நின்றார்கள். கருவாட்டு வியாபாரம் செய்யும் ஹபீப் ரகுமான் ராவுத்தரும் நின்றார். பினாங்கில் இருந்தபோது பந்தாட்டம் பார்த்துப் பழகியவர், இங்கே ஒரு ஆட்டத்தையும் விடமாட்டார்.

அழகுக்கும் கோபம்தான். ஒவ்வொரு குடத்துக்கும் ஆட்டம் நிற்கிறது. பிள்ளையார்பட்டிக்காரர்களோடு பந்தயம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

"தரை எங்க அப்பச்சி வாங்குனது" என்றான். "அதுக்கு மேல இருக்குற ஆகாயம் எப்படி இவளோடதாகும்? நாங்க ஒண்ணும் கோயிலுக்குள்ள காலை வைக்கலையே. பந்து ஆகாயத்துல போகுது, ஆகாயத்துலயே வருது."

"எங்க, சின்னச் செட்டியாரே, ஆகாயத்துலயே வருது? என் முள்ளுக்குள்ள வந்துல்ல விழுகுது" என்றாள் பொன்னுத்தாயி.

எல்லோரும் சிரித்தார்கள். சின்னச்சாமி மட்டும் தலையைச் சொறிந்தான்.

"போன மாசம் ஏரோப்ளேன் போச்சே, அதுக்கு என்ன செஞ்ச?" என்றான் அழகு.

"ஒரு குடம் ஊத்துனேன்."

"அடியாத்தீ, நெசமாவா?"

"பின்னே? அதையும் மனுசன்தான விட்டான். ஆனா அவன் ஒரு தடவை போனான், போயிட்டான். உங்களை மாதிரி போயிப் போயி வரலை."

ஆச்சி கையைக் காட்டிச் சிரிப்பை நிறுத்தினார். "பொன்னுத்தாயி, நீயே சொல்லு. மேல இருக்குற காத்து யாரோடது?"

"காத்து எவரோடதாவும் இருக்கட்டும் ஆச்சி. வெயிலு அவளோடது. அவளுக்கும் சூரியனுக்கும் நடுவுல ஒண்ணு வந்தா ஊத்தணும். அம்புட்டுத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது."

பேச்சு அதற்கு மேல் நகரவில்லை. ஆடுகளத்தையே கிழக்கே தள்ளலாம் என்றான் ஒருவன். அங்கே மஞ்சுவிரட்டுக்கு மாடு வெளியே வருகிற வாசல், அதில் கை வைக்க ஊர் சம்மதிக்காது. சின்னச்சாமியை ஆட்டத்தை விட்டு எடுக்கலாம் என்றான் இன்னொருவன். சின்னச்சாமி அவனை அடிக்கப் போனான்.

"வலை கட்டுங்க" என்றார் ராவுத்தர். "தொண்டியில பழைய வலை கெடக்கு, நான் கொண்டாரேன். கோலுக்குப் பின்னால ரெண்டு பனைமரத்தை வெட்டி உசர நட்டு வலையைத் தொங்கவிடுங்க. பந்து அங்குட்டுத் தாண்டாது."

"மீன் வலையா? அம்மனுக்குக் கவுச்சி ஆகாதே" என்றான் அழகு.

"அவ கெடா வாங்குறவ" என்றாள் பொன்னுத்தாயி. "மீன் வாடைக்கா மூஞ்சியைச் சுழிக்கப்போறா? தலைக்கு மேல வராம, முன்னால செவுரு மாதிரி நின்னா எனக்கு ஒண்ணும் இல்லை. கொண்டாங்க ராவுத்தரே."

வலை வந்தது. சாய்ந்த வெயிலில் மரம் நட்டு வலையைத் தொங்கவிட்டு முடித்தார்கள். சூரியன் அம்மனுக்குப் பின்னால் இருந்தது. வலையின் நிழல் பொட்டலில் விழுந்து கிடந்தது, கோயில் பக்கம் ஒரு கோடு கூட இல்லை. உடனே ஆட்டம் வைத்தார்கள். சின்னச்சாமி உதைத்தான். பந்து வலையில் போய் முட்டி, செத்த மீன் மாதிரி நழுவிக் கீழே விழுந்தது. பொன்னுத்தாயி குடத்தோடு பாதி எழுந்திருந்தாள். உட்கார்ந்தாள். அடுத்த உதைக்கும் எழுந்தாள், உட்கார்ந்தாள். கட்டுப் போட்டு முடிப்பதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"வலை இருக்கிறதே, இன்னும் எதற்கு எழும்புகிறாய்?"

"எனக்குத் தெரியுது நர்ஸம்மா. காலுக்குத் தெரியலை."

ஆனாலும் அன்று ஒரு குடம் கூடக் கூடுதலாகத் தூக்கவில்லை. இனி ஆறிவிடும் என்று நினைத்தேன்.

விடிந்து, கட்டு மாற்றப் போனபோது கோயில் முற்றம் முழுக்கச் சேறு. பொன்னுத்தாயி ஊருணியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். குடத்தைக் கவிழ்த்தாள், மறுபடி திரும்பினாள். கட்டு அவிழ்ந்து பின்னால் இழுபட்டது, கணுக்காலில் ரத்தம். அம்மனைப் பார்த்தேன். சூரியன் இப்போது பொட்டலுக்குக் கிழக்கே இருந்தது. வலைக்கண் ஒவ்வொன்றும் நிழலாக அம்மன் முகத்தில் விழுந்திருந்தது. காலை வெயில் வாங்குவதற்காகவே கிழக்கே பார்த்து உட்கார்ந்தவள், வலையில் சிக்கியதுபோல் இருந்தாள். சாயங்காலத்தில் கட்டியதால் காலை நிழலை ஒருத்தரும் நினைக்கவில்லை. அழகு, ராவுத்தர், பொன்னுத்தாயி எல்லோரும்தான், நானும்தான்.

"நிறுத்து. நிழல் தண்ணீரில் கரையாது."

"தெரியும்."

"பிறகு எதற்கு ஊற்றுகிறாய்?"

"சும்மா நிக்க முடியலையே!" என்று கத்தினாள். குடம் கையிலிருந்து விழுந்து நசுங்கியது. நான் அவளைப் பிடித்துச் சுவரோரம் உட்காரவைத்து, புண்ணில் துணியை அழுத்திப் பிடித்தேன். பால்காரன் ஒருவன் போனான். அழகையும் ராவுத்தரையும் கையோடு கூட்டிவரச் சொல்லி அனுப்பினேன்.

அழகு வந்து வலையைப் பார்த்தான், அம்மன் முகத்தைப் பார்த்தான். பிறகு அவள் காலைப் பார்த்தான்.

"அவுத்துருவோம்" என்றான் மெதுவாக.

"அவிழ்த்தால் சாயங்காலம் பந்து மேலே போகும், இவள் ஓடுவாள். கட்டினால் காலையில் நிழல் விழும், இவள் ஓடுவாள். இந்தக் கால் இரண்டையும் தாங்காது" என்றேன்.

ராவுத்தர் மரத்து உச்சியை அண்ணாந்து பார்த்தார். "கடல்ல பாயை ஏத்துறோம், எறக்குறோம். வலையை மட்டும் ஏன் கட்டிப்போட்டு வச்சுருக்கோம்? ரெண்டு மரத்துலயும் கிணத்துக் கப்பி மாட்டிக் கயித்தை விடுங்க. ஆடுறப்ப ஏத்துங்க, முடிஞ்சா எறக்குங்க."

"மரத்து நிழல்?" என்றாள் பொன்னுத்தாயி.

அதைத் தரையிலேயே பார்த்தோம். இரண்டு மரமும் அகலமாக நின்றன, அவற்றின் நிழல் கோயிலுக்கு இரண்டு பக்கமும் விலகி விழுந்தது.

"சரி, பசங்க ஏத்தி எறக்குவாங்க" என்றான் அழகு.

"ஏத்துவாங்க. செயிச்சா கூத்தாடிக்கிட்டுப் போவாங்க, தோத்தா அடிச்சுக்கிட்டுப் போவாங்க. எறக்க எவன் இருப்பான்? கயிறு என் கையில இருக்கணும்."

"அப்ப நீ ஏத்துனாத்தான் ஆட்டமா?"

"ஆமா."

அழகுக்கு அது பிடிக்கவில்லை. தன் பொட்டலில், தன் பந்தை உதைக்க, இவளிடம் உத்தரவு வாங்குவதா என்று முகம் சிவந்தது. ராவுத்தர் அவன் தோளைத் தட்டி, "ஆகாயம் யாருதுன்னு கேட்டீகள்ல? கயிறு வச்சுருக்கவளுதுதான்" என்றார். அழகு சிரிக்கவில்லை. ஆனால் கப்பி வாங்க ஆள் அனுப்பினான்.

நானும் ஒரு நிபந்தனை வைத்தேன். கயிற்றின் நுனியைச் சுவரோரம் தாழ்வாக ஒரு முளையில் கட்ட வேண்டும். இவள் உட்கார்ந்தபடிதான் இழுக்க வேண்டும், இடது கால் ஒரு சாக்கு மூட்டையின் மேல் இருக்க வேண்டும். கால் கீழே இறங்கினால் அன்று ஆட்டம் இல்லை. காலுக்காக அவள் என் பேச்சைக் கேட்கமாட்டாள், பந்துக்காக அவர்கள் அவளைக் கேட்கவைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் அப்படியே நடந்தது. அவள் கயிற்றை இழுத்தாள், வலை ஏறியது, ஆட்டம் தொடங்கியது. ஒருமுறை அவள் எழப் பார்த்தபோது பொட்டலிலிருந்து சின்னச்சாமியே கத்தினான்: "ஏ அத்தை, காலு! காலு!" அவள் அவனை ஒரு வசவு வைதுவிட்டுக் காலை மூட்டைமேல் திரும்ப வைத்தாள். பொழுது சாய்ந்ததும் வலையை இறக்கினாள். யாராவது இழுத்துக் கட்டிவிடுவார்களோ என்ற சந்தேகத்தில் அதைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துச் சுருட்டித் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை நான் போனபோது வெயில் அம்மன் முகத்தில் முழுசாக விழுந்திருந்தது. நசுங்கிய குடத்தால் அன்றாடத் தண்ணீரை ஊற்றிவிட்டிருந்தாள். சுவரோரம் மல்லாந்து படுத்து, சுருட்டிய மீன் வலையின்மேல் இடது காலை உயரத் தூக்கி வைத்திருந்தாள். கட்டு நனையவில்லை, மண் ஏறவில்லை. தலைக்கு மேலே ஒரு காக்கை போயிற்று. அவள் தோள் எழும்பியது. கால் எழும்பவில்லை.

நான் ஊதாத் தண்ணீரைக் கலந்துகொண்டு கட்டை அவிழ்த்தேன்.