கட்டிலுக்கு நேர் மேலே

முதல் சொட்டு, வாசலில் நின்ற எங்கள் வேனுக்குள் படுத்திருந்த என் கணவரின் கன்னத்தில் விழுந்தது. அவரால் முகத்தைத் திருப்ப முடியும், உடம்பை நகர்த்த முடியாது. அடுத்த சொட்டு காதில் விழுந்தது. நான் குடையை எடுக்க வீட்டுக்குள் போயிருந்தேன். வண்டிக்குத் திரும்பி வருவதற்குள் தலையணை பாதி நனைந்திருந்தது.

"கூப்பிட வேண்டியதுதானே?" என்றேன்.

"நீயே குடையைக் காணாமத் தேடிக்கிட்டு இருந்த. எதுக்குன்னு விட்டுட்டேன்" என்றார்.

அவர் அப்படித்தான். வலித்தாலும் வாயைத் திறக்க மாட்டார். நான் நேர் எதிர். நடக்கப்போவது, நடக்காதது எல்லாவற்றுக்கும் சேர்த்து முதலிலேயே பயந்துவிடுவேன்.

நான்கு வருடங்களுக்கு முன் ரிங் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்ததில் நெஞ்சுக்குக் கீழே அவருக்கு அசைவில்லாமல் போனது. சர்வேயராக இருந்தவர். பேரையூர் வரைக்கும் வரப்பு வரப்பாக நடந்து நிலம் அளந்த மனிதருக்கு, பசுமலை வீட்டு ஜன்னலும் அதற்கு எதிரே பக்கத்து வீட்டுச் சுவரும்தான் மிச்சம். காரில் அரை மணி நேரம் உட்கார்ந்தாலே முதுகு தாங்காது. அதனால்தான் பழைய வேன் ஒன்றை வாங்கி, ஊருக்கு வெளியே ஒரு பட்டறையில் கொடுத்து, பின்பக்கம் கட்டில், ஓரத்தில் அடுப்பு, சக்கர நாற்காலி ஏறச் சாய்வுப் பலகை, மேலே ஃபைபர் கூரை என்று ஒரு வீடாகவே ஆக்கினோம். தெருவில் அதற்குக் கேரவன் என்று பெயர். எந்த நடிகர் உள்ளே இருக்கிறார் என்று கேட்காத ஆள் இல்லை. "இன்னும் மேக்கப் முடியல, அப்புறம் வாங்க" என்று இவர் உள்ளேயிருந்து பதில் சொல்வார்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. தீபாவளி முடிந்ததும் ராமேஸ்வரம் பக்கம் போய், கடலைப் பார்த்தபடி இரண்டு நாள் படுத்திருக்க வேண்டும். வண்டியை ஓட்ட என் தம்பி லீவு சொல்லிவிட்டான்.

அந்த நேரத்தில்தான் கூரை ஒழுக ஆரம்பித்தது. வேறு யாராக இருந்தாலும் தள்ளிப் படுத்துக்கொள்வார்கள். இவர் ஈரத்திலேயே கிடந்தால் முதுகில் புண் வரும். முன்பு ஒருமுறை வந்து, ஆறுவதற்குள் நாங்கள் பட்ட பாடு போதும். போதாக்குறைக்குக் கட்டில் பக்கத்திலேயே சுவிட்ச் போர்டு. நடுவழியில் மழை பிடித்தால் என்ன செய்வேன்?

தம்பியை ஓட்டச் சொல்லி வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் கூரையில் அரை மணி நேரம் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். ஒரு சொட்டு இறங்கவில்லை.

"அக்கா, இங்க நின்னா ஒழுகல, ஒங்க வீட்டுல நின்னா மட்டும் ஒழுகுது. வண்டிக்கு ஒங்க மேல எதும் கோவமா?" என்று சிரித்தார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. வேலை தெரியாவிட்டால் பட்டறையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கத்திவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. கூரையின் இணைப்புகள் எல்லாவற்றிலும் ஒழுகலை அடைக்கிற சீலண்ட் பசையை மறுபடி பூசி அனுப்பினார். அடுத்த மழையில் அதே இடத்தில் சொட்டியது.

"போதும், வித்துரு. நான் வீட்டுலயே கெடக்கேன்" என்றார் இவர். அதைச் சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. எங்கள் தெரு மேடேறிப் போகிற தெரு. வண்டியின் முகம் மேட்டைப் பார்த்து நிற்கும். வாசல் கூட்டும்போது மேலேயிருந்து மழைத்தண்ணீர் வண்டிக்கு அடியில் புகுந்து பின்பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. விளக்குமாற்றோடு அப்படியே நின்றுவிட்டேன். பட்டறை சமதரையில் இருக்கிறது. இங்கே கூரைக்குள் முன்பக்கம் எங்கே தண்ணீர் புகுந்தாலும், உட்பலகைக்கு மேலேயே ஓடிவந்து பின்னால் கட்டிலுக்கு நேராகத்தான் இறங்கும். இத்தனை நாள் நாங்கள் சொட்டு விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

உள்ளே போய்த் தலையணை உறையை எடுத்துப் பார்த்தேன். சொட்டு விழுந்த இடத்தில் வெளிறிய மஞ்சள் கறை. துரு என்று நினைத்து முகர்ந்தேன். சந்தன வாசனை அடித்தது.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வண்டி தயாரானதும் அழகர்கோவிலுக்குக் கொண்டுபோய்க் கருப்பு சாமி சந்நிதி முன்னால் பூஜை போட்டோம். கூரை வழுவழுவென்று இருந்ததால் மாலை நிற்காமல் கண்ணாடி மேல் சரிந்து சரிந்து விழுந்தது. "முன்னாடி ரெண்டு ஸ்க்ரூ அடிச்சு மாட்டுடா" என்று தம்பியிடம் சொன்னது நான். மாலையைக் கழற்றியதும் ஸ்க்ரூவையும் கழற்றச் சொன்னது நான். ஓட்டை அசிங்கமாகத் தெரிகிறதே என்று, பூசாரி கொடுத்த சந்தனத்தை அதில் அப்பிக் குங்குமம் வைக்கச் சொன்னதும் நானேதான். வெயில் காலம் முழுக்க அது காய்ந்து கெட்டியாக அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. மழை வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணீருக்கு வழிவிட்டிருக்கிறது.

ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். பட்டறைக்காரர் விளிம்பு முழுக்க அழகாகச் சீலண்ட் இழுத்திருந்தார். அந்த இரண்டு சந்தனப் பொட்டுகள் வந்த இடத்தில் மட்டும் படாமல் வளைந்து போயிருந்தார். தண்ணீர் ஊற்றியபோதும் அவற்றின் மேல் ஊற்றியிருக்க மாட்டார்.

போன் செய்து கேட்டேன்.

"கருப்புக்கு வச்ச சந்தனம்க்கா. அதுல எப்பிடிக் கைய வைக்கிறது?" என்றார்.

தப்பு என்னுடையது என்று சொல்லி, பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா, அண்ணன் நல்லாப் போயிட்டு வரட்டும்" என்றார். அதுதான் எனக்கு இன்னும் உறைத்தது.

எனக்கும் அதைச் சுரண்டக் கை வரவில்லைதான். கருப்பைக் கும்பிட்டுக்கொண்டு பழைய கரண்டிக் காம்பால் சுரண்டி, வாழை இலையில் சேர்த்து, கால் படாத இடமாக முருங்கை மரத்து மூட்டில் போட்டேன். ஓட்டைகளைத் துடைத்துக் காயவைத்துச் சீலண்டை உள்ளே அழுத்தி, மேலேயும் அகலமாகப் பூசினேன். ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும் என்று டப்பாவில் போட்டிருந்தது. அன்றைக்கென்று நாகமலைப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டே இருந்தது. பத்து தடவையாவது வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்திருப்பேன். நல்லவேளை, மழை வரவில்லை.

மறுநாள் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிற நேரத்தில், தன்னைக் கட்டிலில் படுக்கவைக்கச் சொன்னார் இவர். வேண்டாம் என்றதற்குக் கேட்கவில்லை. கையில் ஒரு குச்சியைக் கொடுத்தேன்.

"ஒரு சொட்டு விழுந்தாலும் தட்டுங்க."

"தட்டுறேன், போ."

மோட்டாரைப் போட்டு ஓஸ் பைப்போடு ஏணியில் நின்றேன். கூரையில் விழுகிற சத்தத்தில் குச்சிச் சத்தம் கேட்குமா என்று ஊற்ற ஆரம்பித்த பிறகுதான் தோன்றியது. நிறுத்திக் காதைக் கொடுத்தேன். சத்தமில்லை. மறுபடி ஊற்றினேன், மறுபடி நிறுத்தினேன். தொட்டித் தண்ணீர் தீர்ந்ததும் ஏணியிலிருந்து இறங்கி உள்ளே ஓடினேன். குச்சி அவர் நெஞ்சின் மேல் கிடந்தது. கண்ணைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொட்டுச்சா?"

"இல்ல."

"சொட்டியிருந்தாச் சொல்லியிருப்பீங்களா?"

குச்சியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"சொல்லியிருக்க மாட்டேன்" என்றார். "சொன்னா வண்டிய எடுக்க மாட்டியே நீ."

நான் குனிந்து அவர் கன்னத்தைத் தொட்டேன், காதைத் தொட்டேன், பிறகு தலையணையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.